முப்பது கம்பளியும் ஒரு கடிதமும்

பூலாம்பட்டி, பரளச்சி வழி
12.11.1966

அன்புத் தம்பி மாசிலாமணிக்கு அக்காள் செல்லக்கிளி தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். கீழத்தெருவில் எல்லாரும் சுகம். பேப்பரில் எதையாவது பார்த்துப் பயந்திருப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை, எட்டாம் தேதி, பகல் இரண்டு மணிக்கு நம் கண்மாய்க்கரை வடக்கு மடையை ஒட்டி உடைந்துவிட்டது. மேலத்தெருவில் நாற்பத்தொரு வீடு விழுந்தது. கிராம முன்சீப் நேரில் நடந்து எண்ணிச் சொன்னது இது. கிழவர் ஒருவர் இறந்தார். இரண்டு பேர் என்று பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்கள்; அது சரியில்லை. நம் தெரு கரட்டு மேட்டில் இருப்பதால் தண்ணீர் ஏறவில்லை. நல்ல இடத்தையெல்லாம் அவர்கள் எடுத்துக்கொண்டு நம்மைக் கரட்டில் விட்டது இந்த ஒரு நாளைக்கு உதவியது.

உன் மச்சான் இறந்தபின் நம் வேதக்கோயிலில் கோயில்குட்டி வேலை எனக்கு வந்தது உனக்குத் தெரியும். மணி அடிப்பது, பெருக்குவது, சாவி வைத்திருப்பது. உபதேசியார் ராஜகுரு ஓடிவந்து, "கோயிலத் தொறத்தா, பிள்ளைகுட்டியெல்லாம் நனையுது" என்றார். திறந்தேன். அறுபத்துமூன்று பேர் வந்தார்கள். வாசற்படியில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர யாரும் முதலில் காலை வைக்கவில்லை. ஒருவர் கேட்டார்: "நாங்க உள்ள வந்தா ஒங்க சாமி கோவிச்சுக்கிட மாட்டாரா?" நான் சொன்னேன்: "சாமி கோவிக்க மாட்டாரு. நான் கோவிப்பேன். வாரவுக வாங்க."

கேட்டது கருத்தப்பாண்டி. வீடு போய்விட்டது. மாடு இரண்டும் தொழுவத்திலேயே செத்துவிட்டன. தெற்கு ஜன்னல் ஓரம், பெண்சாதியோடும் மருமகள் ஆவுடைத்தாயோடும் படுத்திருக்கிறார். மகன் மெட்ராஸில் கொத்து வேலைக்குப் போயிருக்கிறான்.

நீ ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்தக் கிறிஸ்துமஸுக்காவது வா. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்காள்,
செல்லக்கிளி


வால்பாறை
18.11.1966

அன்புள்ள அக்காளுக்கு மாசிலாமணி வணங்கி எழுதுவது. இங்கே மழை, குளிர். மற்றபடி சுகம். உங்கள் சுகம் அறிந்து ஆறுதல்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்தக் கருத்தப்பாண்டிக்கா கதவைத் திறந்தீர்கள்? மச்சானை விரியன் கடித்த அன்றைக்கு, பரளச்சி ரோடு வரைக்கும் வண்டி தாருங்கள் என்று கேட்கப் போனவன் நான். "மாடு களைச்சிருக்கு, வேற வண்டி பாருலே" என்றான். அந்தச் சொல் இன்றைக்கும் காதில் நிற்கிறது. கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். மூன்று மணி பஸ் போய்விட்டது. ரோட்டு ஓரத்தில், உங்கள் மடியில், மச்சானுக்கு உயிர் போனது.

இப்போது மச்சான் பெருக்கிய தரையில் அவன் படுத்திருக்கிறான். அவனை மட்டும் வெளியே அனுப்புங்கள். மற்ற அறுபத்திரண்டு பேரும் இருக்கட்டும். இதைக்கூடச் செய்யாவிட்டால் சாவி உங்களிடம் இருந்து என்ன?

இப்படிக்கு,
தம்பி மாசிலாமணி


பூலாம்பட்டி
24.11.1966

அன்புத் தம்பிக்கு. சுகம். உன் கடிதம் திங்களன்று வந்தது.

கருத்தப்பாண்டி கோயிலில்தான் இருக்கிறார். அனுப்பமாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. வெளியே அனுப்பினால் யாராவது தாவாரத்தில் இடம் கொடுப்பார்கள். என் கண்ணுக்கு எட்டாமல் போய்விடுவார். இங்கே இருந்தால் தினமும் என்னிடம் வரவேண்டும்.

வெள்ளம் வந்த மறுநாளிலிருந்து எம்.ரெட்டியபட்டி சபை கம்பு அனுப்புகிறது. அருப்புக்கோட்டைச் சபைப் பெண்கள் பிடியரிசி அனுப்புகிறார்கள். அடுப்பில் உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி எடுத்துவைப்போமே, அந்தக் கலயங்களை ஊர் முழுக்கக் கவிழ்த்து ஏழு மூட்டை சேர்த்திருக்கிறார்கள். அளந்து கொடுப்பது நான். வரிசையில் வருகிறவர்களில் அவரிடம் மட்டும் பெயர் கேட்கிறேன்.

"உம்ம பேரு?"

"தெரியாதாக்கும்?"

"சொன்னாத்தான் படி நெறையும்."

"கருத்தப்பாண்டி."

"யாரு மகன்?"

தினமும் கேட்கிறேன். தினமும் சொல்கிறார். நேற்று பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேலத்தெருவில் நான் 'ஐயா' போடாமல் 'உம்ம' என்று பேசிய முதல் ஆள் அவர்தான்.

மார்கழி வரப்போகிறது. கோயில் தரை இப்போதே ஜில்லென்று இருக்கிறது. ஆவுடைத்தாய்க்கு எட்டு மாதம். உங்கள் சபையில் கம்பளி சேர்க்க முடியுமா என்று உபதேசியார் கேட்கச் சொன்னார். வழக்கம் உனக்குத் தெரியும். கொடுக்கிற சபையின் கடிதம் கூடவே வரவேண்டும். பெறுகிறவர்கள் எழுந்து நிற்க, ஒரு வார்த்தை விடாமல் வாசித்த பிறகுதான் பொருளைத் தொடலாம். எங்கள் நன்றிக் கடிதம் அங்கே வந்ததும் அதையும் அப்படியே வாசிக்க வேண்டும்.

அக்காள்,
செல்லக்கிளி


வால்பாறை
5.12.1966

அன்புள்ள அக்காளுக்கு. சுகம். நீங்களும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

கம்பளி முப்பது சேர்ந்தது. பொள்ளாச்சி லாரியில் இன்று காலை ஏற்றிவிட்டேன். அருப்புக்கோட்டைக்குப் பத்தாம் தேதி வந்துவிடும் என்று லாரி ஆபீஸில் சொன்னார்கள். லயன் வீடுகளில் தேயிலை பறிக்கிறவர்கள் தங்கள் பிள்ளைகள் போர்த்தியிருந்ததைக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வருஷம் நான் சபைச் செயலாளர். வெளிச் சபைகளிலிருந்து வருகிற கடிதங்களைப் பீடத்துக்கு முன்னால் நின்று வாசிப்பது இங்கே என் வேலை. போகிற கடிதங்களை எழுதுவதும் நானே. சபைப் போதகரான எங்கள் ஐயர் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். கம்பளியோடு வரும் உறை உபதேசியார் பெயருக்கு இருக்கிறது. வழக்கப்படி ஒரு வார்த்தை விடக்கூடாது. அதில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு வருஷமாக உங்களுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. இதைச் செய்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை.

தம்பி,
மாசிலாமணி


வால்பாறை
28.12.1966

அன்புள்ள அக்காளுக்கு. பண்டிகை நல்லபடியாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்களிடமிருந்து வாழ்த்து அட்டைகூட வரவில்லை. உடம்புக்கு ஏதுமா?

கம்பளி சேர்ந்ததா? கடிதம் வாசித்தார்களா? அவன் முகம் எப்படி இருந்தது? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

தம்பி,
மாசிலாமணி


வால்பாறை
9.1.1967

அக்காளுக்கு. சுகமா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

கம்பளி கொண்டுபோன லாரி டிரைவர் நேற்று இங்கே வந்திருந்தார். பரளச்சி டீக்கடையில் கேள்விப்பட்டதாகச் சொன்னார்: கருத்தப்பாண்டி பெட்டி படுக்கையோடு கோயிலை விட்டுப் போய்விட்டானாம், உடைந்த கரைமேல் தகரம் சாய்த்துக் கிடக்கிறானாம். உண்மையா? உண்மையானால் மச்சான் கல்லறையில் எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள்.

தம்பி,
மாசிலாமணி


பூலாம்பட்டி
14.1.1967

தம்பி மாசிலாமணிக்கு. நான் சுகம்.

ஆவுடைத்தாய்க்கு டிசம்பர் இருபத்தேழாம் தேதி காலையில் ஆண் பிள்ளை பிறந்தது. மறுநாள் சாயங்காலம் இறந்துவிட்டது. பிரசவம் பார்த்த குருவம்மாள் சொன்னது இது. அடக்கம் செய்ததை நானே தூர நின்று பார்த்தேன். கரைமேல் வாடைக்காற்று. தகரத்துக்கு மூன்று பக்கமும் மறைப்பு இல்லை. குளிரால்தான் என்று குருவம்மாள் சொல்லவில்லை. குளிரால் இல்லை என்றும் சொல்லவில்லை.

டிரைவர் சொன்னது உண்மை. நடந்தது இது.

டிசம்பர் பதினெட்டு, ஞாயிறு. ஆராதனை முடிந்தது. கம்பளிக் கட்டு பீடத்தின் கீழே இருந்தது. மேலத்தெருக்காரர்கள் எழுந்து நின்றார்கள். உபதேசியார் உறையைப் பிரித்துத் தமக்குள் படித்துவிட்டு மடித்தார். "இதை நான் வாசிக்கமாட்டேன்" என்றார். வாசிக்காவிட்டால் கம்பளியைப் பிரிக்க முடியாது. பிள்ளைகள் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் எழுந்துபோய் அவர் கையிலிருந்து வாங்கினேன். நான்தான் வாசித்தேன். யாரும் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. நிறுத்தி நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

"முதல் கம்பளியை, 1960 மார்ச் 17ஆம் தேதி பகல் இரண்டு மணிக்கு, விரியன் கடித்துக் கிடந்த அருஞ்சுனைக்கு வண்டி தர மறுத்த கருத்தப்பாண்டிக்குக் கொடுக்கவும். அன்றைக்கு அவர் மாடு களைத்திருந்தது. இன்றைக்கு அவரே களைத்திருக்கிறார். எங்கள் கம்பளி களைக்கவில்லை."

இந்த இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். அதையும் யாரும் சொல்லவில்லை. வாசித்தபோது எனக்கு நன்றாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

கருத்தப்பாண்டி நின்ற இடத்திலிருந்தே கேட்டார்: "ஏத்தா, இதுக்குத்தான் தெனமும் எம்பேரக் கேட்டியா? வண்டிய எங்கிட்டக் கேட்டது யாரு? கேட்டவன வரச் சொல்லு. எங்கிட்ட ஒருத்தரும் வந்து கேக்கல."

"எந்தம்பி கேட்டான்" என்றேன்.

"வரலத்தா. வந்திருந்தா குடுத்திருப்பேனான்னு கேட்டா, இன்னைக்கி எனக்குச் சொல்லத் தெரியல. அன்னைக்கி என் புத்தி எப்படி இருந்துச்சோ. ஆனா வரல. அதுதான் நெசம்."

நான் முதல் கம்பளியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பெண்சாதியையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு பத்து நிமிஷத்தில் போய்விட்டார். உபதேசியார் கையைப் பிடித்துக் கெஞ்சினார். நான் கெஞ்சவில்லை.

இப்போது நீ எனக்கு ஒன்று எழுத வேண்டும். அன்றைக்கு அவரை எங்கே வைத்துக் கேட்டாய்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? வண்டி எங்கே நின்றது, மாடு எங்கே கட்டியிருந்தது? மெழுகுவர்த்தி ஏற்றவில்லை.

செல்லக்கிளி


வால்பாறை
22.1.1967

அன்புள்ள அக்காளுக்கு. பிள்ளை விஷயம் கேட்டு வருத்தம். அதற்குக் கம்பளியும் கடிதமும் என்ன செய்யும்? போர்த்திக்கொள்ளக் கொடுத்ததை வாங்காமல் போனது அவன் திமிர்.

மாட்டிக்கொண்டவன் இல்லை என்றுதான் சொல்லுவான். ஏழு வருஷத்துக்கு முந்திய விஷயத்தில் கூடப்பிறந்தவன் பேச்சை விட்டுவிட்டு அவன் பேச்சை எடுக்கிறீர்களே. இருந்தாலும் கேட்டதால் எழுதுகிறேன். அவன் வீட்டு வாசலில் வைத்துத்தான் கேட்டேன். வாசல் வேப்பமரத்தில் மாடு இரண்டும் கட்டிக்கிடந்தன. நுரை தள்ளி நின்றன. அவன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டே பதில் சொன்னான். பக்கத்தில் யாரும் இல்லை. போதுமா? இனிமேல் இதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

எங்கள் சபைக்கு நன்றிக் கடிதம் இன்னும் வரவில்லை. ஐயர் கேட்டார்.

தம்பி,
மாசிலாமணி


பூலாம்பட்டி
3.2.1967

தம்பிக்கு.

1960 மார்ச் 17ஆம் தேதி பகலில் கருத்தப்பாண்டியின் மாடு இரண்டும் அவர் வீட்டு வாசலில் இல்லை. மேலத்தெரு முகப்பில், கொல்லன் மாரிச்சாமியின் பட்டறையில் லாடம் அடிக்கக் கட்டியிருந்தன. சொன்னது மாரிச்சாமி. உன் மச்சான் செத்த நாள் என்பதால் ஞாபகம் இருக்கிறது என்றார். அவர் பெண்சாதியைத் தனியாகக் கேட்டேன். அவளும் அதையே சொன்னாள். இரண்டு மணிக்கு லாடம் அடித்து முடிந்து, வண்டி பட்டறை வாசலில் அவிழ்த்து நின்றிருக்கிறது. கருத்தப்பாண்டி அங்கேயே கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாராம்.

மாரிச்சாமி இன்னொன்றும் சொன்னார். "ஒந்தம்பி மந்தத் தெடலு வரைக்கும் வந்தான். வேகமாத்தான் வந்தான். அங்கன நாலு பேரு உக்காந்திருந்தாக. பாத்துட்டு நின்னுட்டான். 'என்னப்பா?'ன்னு நாங்கூடச் சத்தங் குடுத்தேன். 'சும்மா'ன்னுட்டுத் திரும்பிப் போயிட்டான்."

பட்டறைக்கும் நீ நின்ற இடத்துக்கும் இடையில் எத்தனை அடி என்று நடந்து பார்த்தேன். அறுபத்தெட்டு.

எழுது.

செல்லக்கிளி


வால்பாறை
12.2.1967

அக்கா,

மாரிச்சாமி சொன்னது சரி.

அதற்கு முந்தின வாரம் சைக்கிளில் மேலத்தெரு வழியாக வந்தேன். மந்தையில் என்னை இறக்கினார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தெரு முடிகிற வரைக்கும் நடக்க வைத்தார்கள். "பத்தாவது பாஸாக்கும், மெதுவாப் போங்க தொரை" என்று ஒருவன் சொன்னான். கருத்தப்பாண்டி சிரித்தான். உங்களிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை.

அன்றைக்கு அதே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கால் தானாகச் செருப்பைக் கழற்றப் பார்த்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கழற்றினாலும் தரமாட்டான், கேட்டு என்ன என்று தோன்றியது. திரும்பிவிட்டேன். மச்சான் பேசிக்கொண்டுதான் இருந்தார். கட்டிலில் தூக்கினாலே பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் "என்ன சொன்னாக?" என்று கேட்டீர்கள். அவன் சொல்லியிருக்கக்கூடியதைத்தான் சொன்னேன்.

பிறகு அதை மாற்ற முடியவில்லை. வருஷம் போகப்போக அவன் உண்மையாகவே அப்படிச் சொன்னதுபோல் எனக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது. அவன்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் பொய் இல்லை அக்கா.

இது நம் இருவரோடு இருக்கட்டும். காலில் விழுந்து கேட்கிறேன். இங்கே எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது. பங்குனிக்குப் பிறகு பெண் பார்க்கவும் சொல்லியிருக்கிறார்கள்.

மாசிலாமணி


பூலாம்பட்டி
20.2.1967

தம்பி மாசிலாமணிக்கு.

வால்பாறைச் சபைக்கு எங்கள் நன்றிக் கடிதம் சனிக்கிழமை ரிஜிஸ்டர் தபாலில் போயிற்று. பரளச்சித் தபாலாபீஸ் ரசீது என்னிடம் இருக்கிறது. உபதேசியார் ராஜகுருவும் கமிட்டியார் நாலு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எழுதியது நான்.

உன் செருப்பு விஷயம் எனக்குப் புரிகிறது. அந்தத் தெருவில் நான் பிறந்ததிலிருந்து செருப்புப் போட்டதில்லை. உன் மச்சானுக்காக நீ அதைக் கழற்றவில்லை என்பதைக்கூட, அன்றைக்கே நீ சொல்லியிருந்தால், அழுது தீர்த்திருப்பேன். அப்போதே நான் ஓடியிருப்பேன். எனக்கு அறுபத்தெட்டு அடி பெரிய தூரம் இல்லை. நீ என்னை ஓடவிடவில்லை. அதற்குப் பிறகு ஏழு வருஷம் என் கையில் ஒரு ஆளைக் கொடுத்து, இவன்தான், இவன்தான் என்றாய். நானும் பிடித்துக்கொண்டேன். படி அரிசிக்குப் பெயர் கேட்டேன். இரண்டு தடவை வாசித்தேன். என் பங்கு எனக்குத் தெரியும். நேற்று ஆராதனை முடிந்ததும் சபை முன்னால் எழுந்து நின்று அதைச் சொன்னேன். மூன்று மாதம் சாவியைத் தொடக்கூடாது என்றார்கள். கொடுத்துவிட்டேன்.

அதற்கு முந்தின புதன்கிழமை கரைக்குப் போய்க் கருத்தப்பாண்டியிடம் உன் கடிதத்தை வாசித்தேன். உட்காரச் சொல்லவில்லை. முழுக்கக் கேட்டார். "சிரிச்சேன். அது நெசந்தான்" என்றார். கம்பளியை ஆவுடைத்தாய் பக்கத்தில் வைத்தேன். அவள் எடுத்துத் தண்ணீரில் எறிந்தாள். நான் திரும்பி வந்தேன்.

நன்றிக் கடிதத்தில் கம்பளி கொடுத்த லயன் வீட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் பெயர் சொல்லி வாழ்த்தியிருக்கிறோம். இருபத்தொன்பது கம்பளி யார் யாருக்குப் போனது என்று எழுதியிருக்கிறோம். முப்பதாவது எங்கே போனது, ஏன் போனது என்றும் எழுதியிருக்கிறோம். மார்ச் 17ஆம் தேதி, மந்தை, லாடம், 'சும்மா', எல்லாம் இருக்கிறது. நீ எழுதிக்கொடுத்தபடிதான். ஒன்றும் கூட்டவில்லை. நீ இறங்கி நடந்ததையும் எழுதியிருக்கிறேன். அது இல்லாவிட்டால் பாதி உண்மையாகிவிடும்.

உறையைத் திறக்காமல் பீடத்தில் வைத்துப் பிரிக்கும்படி உங்கள் ஐயருக்கு உபதேசியார் முன்கூட்டியே அட்டை போட்டிருந்தார். பதில் இன்று வந்தது. மார்ச் ஐந்து, ஞாயிறு, காலை ஆராதனைக்குப் பிறகு பிரிக்கப்படும் என்றும், வழக்கம்போல் செயலாளர் மாசிலாமணி வாசிப்பார் என்றும் எழுதியிருக்கிறார்.

நீ வாசித்தாயா, எந்த இடத்தில் நிறுத்தினாய் என்பதை ஐயர் பத்தாம் தேதிக்குள் தெரிவிப்பார்.

செல்லக்கிளி